ஆனந்த சமரக்கோனின் முதற்சொல்

இலங்கையின் தேசிய கீதத்தைத் தமிழில் பாடலாமா என்ற சண்டை ஒவ்வொரு பெப்ரவரியிலும் நம் முகநூல் சுவர்களில் நடக்கிறது. 2016இல் காலிமுகத்திடல் சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடியபோது எழுதித் தள்ளினோம். 2020இல் தமிழை விட்டபோதும் எழுதித் தள்ளினோம். அதை ஆக்கிய ஆனந்த சமரக்கோனைப் பற்றி மட்டும் நாம் எழுதுவதே இல்லை. அவர் பாட்டெழுதினார், தானே மெட்டமைத்தார், கவிதை எழுதினார், ஓவியமும் தீட்டினார். அந்தப் பாட்டில் அவர் வைத்த முதற்சொல் ‘நமோ நமோ’. அதை 1961இல், அவர் உயிரோடிருக்கும்போதே, அவருடைய சம்மதமில்லாமல் ‘ஸ்ரீ லங்கா’ என்று மாற்றினார்கள். அது தவறு. என்ன கெட்டுப்போனது என்பதைப் பாட்டுக்குள்ளேயே காட்டலாம்.

ஆனந்த சமரக்கோன் 1911 ஜனவரி 13இல் பாதுக்கைப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கோட்டையில் (கொழும்புக் கோட்டை அல்ல, ஜயவர்தனபுரக் கோட்டை) படித்தார். 1936இல் வங்கத்தில் தாகூர் நடத்திய கல்வி நிலையமான சாந்திநிகேதன் போனார். அங்கே ஏறக்குறைய ஆறு மாதம்தான் இருந்தார், ஆனால் அந்த ஆறு மாதம் அவரைத் திருப்பிப் போட்டது. அதன் ஓவியப் பள்ளியான கலாபவனத்தில் நந்தலால் போஸ் கற்பித்த காலம் அது. தாகூர் 1913இல் நோபல் பெற்ற கவிஞர், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளை ஆக்கியவர். அவர் அறுபது வயதைத் தாண்டித் தூரிகை எடுத்தார். கையெழுத்துப் படியில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து இணைத்து பறவையும் முகமுமாக வளர்த்ததில்தான் அவருடைய ஓவியம் தொடங்கியது. 1930இல் பாரிசில் முதல் கண்காட்சி. பாட்டும் படமும் ஒரே கையின் வேலை என்று நம்பிய இடத்திலிருந்துதான் சமரக்கோன் திரும்பி வந்தார்.

அன்றைய சிங்களப் பாட்டு பெரும்பாலும் வட இந்திய மெட்டுக்கு வார்த்தை நிரப்புவதாக இருந்தது. அதிலிருந்து விலகி, சொல்லையும் மெட்டையும் சேர்த்தே பிறப்பித்தவர் இவர். காலி மகிந்த கல்லூரியில் படிப்பித்த நாட்களில், 1940இல், ‘நமோ நமோ மாதா’ (வணக்கம் வணக்கம் தாயே) என்ற இந்தப் பாட்டு வந்தது. இதைத் தாகூரே எழுதிக் கொடுத்தார் என்று சுற்றும் பதிவுகளைத் தயவுசெய்து பகிராதீர்கள். மெட்டில் வங்கச் சாயல் தெரிகிறது, உண்மை. அது பயிற்சியால் வந்த சாயல். 1945இல் ஐந்து வயது மகனை இழந்தார். பிறகு இந்தியா போய்ப் பல காலம் ஓவியத்தோடு இருந்தார், கண்காட்சிகள் வைத்தார். 1951 நவம்பர் 22இல் பாட்டு தேசிய கீதமானது.

1952இல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்க இறந்தார், 1959இல் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டார். பாட்டின் முதற்சீரில் கணதோஷம் (குறில் நெடில் வரிசையால் வரும் அமங்கலம்) இருக்கிறது, அதுதான் நாட்டுக்குக் கேடு என்று பேச்சுக் கிளம்பியது. நமக்கும் இது புதிதல்ல. நம் செய்யுள் இலக்கணமான பாட்டியல் நூல்கள் முதன்மொழிக்கு, அதாவது பாட்டின் முதற்சொல்லுக்கு, மங்கலம், சொல், எழுத்து, தானம், பால், உண்டி, வருணம், நாள், கதி, கணம் என்று பத்துப் பொருத்தம் பார்க்கின்றன. சீர், திரு, பொன், மணி, உலகம் எல்லாம் மங்கலச் சொற்கள். வடமொழி மரபில் லகு என்பது ஒரு மாத்திரைக் குறில், குரு என்பது இரண்டு மாத்திரை பிடிக்கும் நெடில் அல்லது ஒற்றடுத்த குறில். பாட்டின் முதல் மூன்று அசையான ‘நமோந’ லகு-குரு-லகு, அதாவது ஜகணம். நோய் தரும் என்பார்கள். ‘ஸ்ரீலங்கா’ மூன்றும் குரு, மகணம். செல்வம் தரும் என்பார்கள். அந்தக் கணக்கில்தான் ‘ஸ்ரீ லங்கா மாதா’ உள்ளே வந்தது.

இனி மாத்திரையை, அதாவது ஒலியின் நீள அளவை, எண்ணுங்கள். நமோ நமோ மாதா: 1, 2, 1, 2, 2, 2. மொத்தம் பத்து. ஸ்ரீ லங்கா மாதா: ஐந்து குரு, அதுவும் பத்து. அதனால்தான் மெட்டு உடையவில்லை, திருத்தியவர்களும் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்திருப்பார்கள். நடை போய்விட்டது. குறிலில் மெல்லக் கால் வைத்து நெடிலில் எழும்பும் இரண்டு வணக்கங்கள் இருந்த இடத்தில் ஐந்து கனத்த அடிகள் சமமாக விழுகின்றன. அதைவிடப் பெரிய சேதம் வேறு. முழு வரி ‘நமோ நமோ மாதா, அப ஸ்ரீ லங்கா, நமோ நமோ நமோ நமோ மாதா’. அது நான்கு நமோவும் மாதாவுமாக முடிகிறது. அது தொடக்கத்தின் எதிரொலி: இரண்டு நமோவில் தொடங்கி நான்காகப் பெருகும். ஓவியன் ஒரு மூலையில் வைத்த நிறத்தை மறுமூலையில் அழுத்தமாகத் திரும்ப வைப்பான் இல்லையா, அதே வேலை. முதல் மூலையை அழித்துவிட்டு, ஒரே வரியில் நாட்டின் பெயரை இரண்டு தரம் எழுதிவிட்டார்கள்.

தமிழிலும் அந்த இடம் மாறியது. மொழிபெயர்த்த புலவர் மு. நல்லதம்பி வட்டுக்கோட்டையில் பிறந்தவர், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியில் தமிழாசிரியர். 1951இலேயே மறைந்துவிட்டார், ஆகவே அவரிடமும் யாரும் கேட்டிருக்க முடியாது. அவருடைய கை எவ்வளவு தேர்ந்தது என்று பாருங்கள். சிங்களத்தில் ‘எங்கள்’ என்று பொருள்படும் ‘அப’ இரண்டு லகு, இரண்டு மாத்திரை. ‘எங்கள்’ போட்டால் நான்கு, ‘நமது’ போட்டால் மூன்று. இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரைதான், ஆனால் பாட்டில் ஒற்றடுத்த குறில் குருவாகி இரண்டு பிடிக்கும். எனவே ‘நம்’ கச்சிதம். ‘எம்’ என்றாலும் இரண்டுதான். ஆனால் எம் என்பது கேட்பவரை வெளியே நிறுத்தும், நம் என்பது கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டும் தாளத்துக்குப் பொருந்தும் இடத்தில் அவர் ‘நம்’மை எடுத்தார். இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ‘மாதா’வுக்கு ‘அன்னையே’ என்றால் ஆறு மாத்திரை, வழிந்துவிடும். ‘தாயே’ நான்கு, விளியும் ஆயிற்று, ஏகாரத்தில் வாய் திறந்தபடி நிற்பதால் நூறு பிள்ளைகள் சேர்ந்து இழுத்தாலும் ஒலி அறுபடாது.

இன்று கொழும்பில் மெட்டுக்குத் தமிழ் எழுதும் தம்பி தங்கைகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் பொருளை எழுதிவிட்டுப் பிறகு மெட்டுக்குள் அமுக்குகிறார்கள். வார்த்தை இல்லாமல் மெட்டைத் தானன தானா என்று பாடி, ஒவ்வோர் அசைக்கும் குறிலா நெடிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். நீளும் சுரத்தில் ஆ, ஏ, ஓ வரட்டும். அங்கே ‘பட்டு’, ‘விட்டு’ போன்ற வல்லின இரட்டிப்பு வந்தால் பாடகர் மூச்சு முட்டுவார், அல்லது ‘பாட்டு’ என்று இழுத்துப் பொருளை மாற்றிவிடுவார். தாளில் அழகாக இருக்கும் ல, ள, ழ வேறுபாட்டை மட்டும் நம்பி ஒரு வரியின் பொருளை நிறுத்தாதீர்கள், ஒலிவாங்கி அதைக் காப்பாற்றாது.

பிறகு யாராவது சொல்லை மாற்றினால் மூலம் எது என்று காட்ட முதற்படியைப் பத்திரப்படுத்துங்கள். பாட்டும் கவிதையும் ஓவியமும் செய்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய தாள்களை லமினேட் செய்யவே கூடாது, செலோடேப்பும் ஒட்டக்கூடாது. ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அது அதற்கு மேல்தான் நிற்கும். நீர்வர்ணப் படத்தைக் கண்ணாடியில் முட்டவிட்டுச் சட்டம் போட்டால் வர்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போகும். நடுவில் மூன்று நான்கு மில்லிமீற்றர் இடைவெளி தரும் அட்டை வையுங்கள், வெளிச்சுவரில் மாட்டாதீர்கள்.

சமரக்கோன் அந்த மாற்றத்தை எதிர்த்தார். 1962 ஏப்ரல் 5இல், 51 வயதில் இறந்தார். ஒரு மனிதரின் மரணத்தை ஒரே காரணத்தோடு முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. அன்று இங்கே நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம், படைப்பைச் சிதைக்காதே என்று கேட்கும் உரிமை அதில் இல்லை. இன்றைய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையையும், பெயரைக் குறிப்பிடும்படி கேட்கும் உரிமையையும் படைத்தவருக்குத் தருகிறது.

1978 அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இன்றைய வடிவம் ஏறிவிட்டது. முதற்சொல்லை மீட்பது பாராளுமன்ற வேலை. பெயரைப் போடுவதற்கு அந்த வேலை தேவையில்லை. பாடசாலை விழா அழைப்பிதழில் கீதத்தை அச்சிடும் கொழும்புத் தமிழ் அதிபர்களே, ஆசிரியர்களே, கீழே ஒரு வரி சேருங்கள்: சொல்லும் இசையும் ஆனந்த சமரக்கோன், தமிழ் மு. நல்லதம்பி.