சொல்லாமல் கொள்ளாமல்

நண்பர் ஒருவர் மகனை முதன்முதலாகப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த கதையை நேற்றுப் பெருமையாகச் சொன்னார். “கையில் ஒரு பொம்மை காரைக் கொடுத்தேன். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் நழுவிவிட்டேன். அழவே இல்லை, தெரியுமா?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே சாமர்த்தியத்தைக் காட்டியவன்தான். அதற்கு வட்டி கட்டி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

மகளுக்கு அப்போது மூன்றரை வயது. மழலையர் வகுப்பின் மூலையில் மரக்கட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அவள் போய் உட்கார்ந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். ஐந்தாவது கட்டையைக் கையில் எடுத்தபோது நான் அடிமேல் அடி வைத்து வெளியேறினேன். வாசலைத் தாண்டியதும் அப்படி ஒரு நிம்மதி. உடனே மனைவிக்குப் போன் செய்து ‘அழவில்லை’ என்று அறிவித்தேன்.

அழுதிருக்கிறாள். அடுக்கியதைக் காட்டலாம் என்று திரும்பியிருக்கிறாள், ஆளைக் காணோம். அதன் பிறகு கட்டைகளைத் தொடவே இல்லை என்று டீச்சர் சொன்னார். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாளாம்.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். நான் குளிக்கப் போனால் குளியலறைக் கதவுக்கு வெளியே காவல் இருப்பாள். இரவில் என் சட்டை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம். விரலைப் பிரித்தால் விழித்துக்கொள்வாள். பொம்மை எதையாவது நீட்டினால் வாங்க மாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். பொம்மை கைக்கு வந்தால் அப்பா காணாமல் போய்விடுவார் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே ஒரு வாரம் பிடித்தது. அவள் கணக்கில் தவறு ஏதும் இல்லையே.

நம் மொழியில் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்ல மாட்டோம், ‘போய்விட்டு வருகிறேன்’ என்போம். இரண்டு நிமிடம் பேசிய மனிதரிடம்கூடச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறோம். அந்த ‘வருகிறேன்’ யாருக்கு உயிர்நாடியோ, அந்தக் குழந்தையிடம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போகிறோம். கேட்டால், அதன் நன்மைக்காகவாம். என்னைப் பொறுத்தவரை அது என் நன்மைக்காகத்தான். அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சொல்லிவிட்டுப் போனால் அழாதா என்று கேட்பீர்கள். அழும். நன்றாகவே அழும். கண்ணில் படாத ஆளும் எங்கோ இருக்கிறார் என்ற அறிவு ஏறக்குறைய எட்டு மாதத்தில் குழந்தைக்கு வருகிறது. எப்போது திரும்பி வருவார் என்பதுதான் தெரிவதில்லை. பிரிவுப் பதற்றம் தொடங்குவதும் அந்த வயதில்தான். பேச்சு வந்து, ஓடியாடும் வயதிலும், புதிய இடம் என்றால் அது மறுபடி தலைதூக்கும்.

மேரி எயின்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. அறிமுகமில்லாத அறையில் அம்மா குழந்தையைச் சில நிமிடம் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வருவார். அம்மா போனபோது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, வந்ததும் அவரிடம் எப்படி ஒட்டிக்கொண்டது, எவ்வளவு சீக்கிரம் தேறி விளையாட்டுக்குத் திரும்பியது என்பதைத்தான் எயின்ஸ்வர்த் முக்கியமாகக் கவனித்தார். நாமோ காலையில் விழுந்த கண்ணீரை மட்டும் அளந்து மதிப்பெண் போடுகிறோம்.

ஜெர்மனியில் 1980களில் உருவான ‘பெர்லின் மாதிரி’ என்ற முறையைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். காப்பகத்தில் சேரும் சிறு குழந்தையோடு அம்மாவோ அப்பாவோ முதல் 3 நாளும் அறையிலேயே இருப்பார். பிரிவு என்ற பேச்சே இல்லை. பெரும்பாலும் 4ஆம் நாள்தான் முதல் ஒத்திகை. அதையும் குழந்தையிடம் சொல்லிவிட்டே போக வேண்டும். ஆசிரியரால் தேற்ற முடிந்தால் அதிகபட்சம் 30 நிமிடம் வெளியே இருக்கலாம். முடியவில்லை என்றால் உடனே திரும்பி வந்துவிட வேண்டும். எல்லாப் பள்ளியிலும் பெற்றோரை வகுப்புக்குள் விட மாட்டார்கள், எல்லோருக்கும் அத்தனை நாள் விடுப்பும் கிடைக்காது. ஆனால் சொல்லிவிட்டுப் போவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

என் அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. குற்ற உணர்ச்சியில் தினமும் இருபது நிமிடம் விடைபெற்றேன். கட்டிப்பிடிப்பது, பத்தடி நடப்பது, அழுகுரல் கேட்டுத் திரும்புவது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கையாட்டுவது. டீச்சர் நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். “சார், போகப் போகிறீர்களா இல்லையா என்று உங்களுக்கே தெரியவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்?” அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் சொன்னதில்லை.

அன்று மாலை நானும் மகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். உள்ளங்கையை மூன்று முறை அழுத்துவேன், அவள் மூன்று முறை திருப்பி அழுத்துவாள். “அப்பா போய்விட்டு வருகிறேன். நீ தூங்கி எழுந்து, கதை கேட்டு முடித்ததும் வாசலில் நிற்பேன்.” அதோடு சரி, திரும்பிப் பார்க்கக் கூடாது. மூன்று வயதுக்கு மூன்று மணி என்பது வெறும் சத்தம். தூக்கமும் கதையும்தான் கடிகாரம். ஒருநாள் நான் பதினைந்து நிமிடம் தாமதம். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கதை முடிந்துவிட்டதே?” மறுநாளிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன்.

கைக்குட்டை ஒன்றும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. என்னுடைய பழைய நீலக் கைக்குட்டை அவள் பையில் போகும், வரும். துவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. பிரிட்டன் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது குழந்தை ஆறுதலுக்குப் பற்றிக்கொள்ளும் இப்படிப்பட்ட பொருளை ‘இடைநிலைப் பொருள்’ என்றார். வீட்டில் பெரியவர்கள் ‘அழுக்குத் துணி’ என்றார்கள். மூன்றாவது மாதம் அவளே அதை எங்கோ போட்டுவிட்டாள், தேடவும் இல்லை.

ஆனால் காலை சரியானதும் மாலை கெட்டது. பள்ளியில் சமர்த்து என்பார்கள். வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் காலுறை கோணலாக இருக்கிறது என்று உருண்டு புரண்டு அழுகை. முதலில் கோபித்துக்கொண்டேன். பிறகுதான் பட்டது, நாள் முழுக்க அடக்கிவைத்ததை எங்கே இறக்கி வைப்பாள்? அலுவலகத்தில் சிரித்த முகமாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து எரிந்து விழுகிற நான் அவளைச் சொல்லலாமா? ‘இன்று என்ன செய்தாய்’ என்ற விசாரணையை முதல் அரைமணி நேரத்துக்கு ஒத்திவைத்தேன். அந்த வயதுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வைத்ததில் பாதிக் காலுறைப் பிரச்சினை தீர்ந்தது.

முன்கூட்டியே அவளுக்குப் புரிகிற கணக்கில் சொல்வது, சொன்னபடி நடப்பது, சில்லறை மாற்றங்களுக்கும் இதுவே பொருந்தும். பூங்காவிலிருந்து கிளம்ப ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்றால் வேலைக்கு ஆகாது. ‘இன்னும் இரண்டு சறுக்கல்’ என்றால் அவளே எண்ணிவிட்டு இறங்கிவிடுவாள். இரண்டு என்று சொல்லிவிட்டு நாம் பேச்சு சுவாரசியத்தில் ஆறு விட்டோமானால், அடுத்த முறை பேரம் தொடங்கும்.

தம்பி பிறந்தபோது, எப்போதோ நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வந்தது. மழலைப் பேச்சும் வந்தது. ‘இனி நீ பெரியவள்’ என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாலரை வயதில் பதவி உயர்வு யாருக்கு வேண்டும்? அதே வாரத்தில் அவளைத் தனி அறையில் படுக்க வைக்கலாம் என்று யோசனை வந்தது. நான் மறுத்துவிட்டேன். அந்த வீட்டில் நான் பிடித்த பிடிவாதங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். படுக்கை நனைவது சில வாரத்தில் தானாக நின்றது.

போன வாரம் தம்பிக்கு முதல் நாள். அக்காவும் கூட வந்தாள். வகுப்பு வாசலில் அவன் முகம் கோணத் தொடங்கியதும் அவள் குனிந்து அவன் காதில் சொன்னாள், எனக்கும் கேட்கும்படியாகவே: “அப்பா சொல்லிவிட்டுத்தான் போவார், பயப்படாதே. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லாமல் போனார்.”

அவளுக்கு நினைவிருக்காது என்று நினைத்திருந்தேன்.