தொலைபேசியில் விலை சொல்பவரிடம் வீட்டுச் சாமான்களை ஒப்படைக்காதீர்கள்

வீடு மாற்றத் தயாராகிறவர்கள் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்ததும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். இரண்டு படுக்கையறை வீடு, வேளச்சேரியிலிருந்து கோயம்புத்தூர், மாதக் கடைசி என்று சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார். பரணில் என்ன இருக்கிறது, பீரோ எத்தனை, மூன்றாவது மாடியா தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, தெருவுக்குள் லாரி நுழையுமா என்று எதையும் அவர் கேட்பதில்லை. எதையும் கேட்காமலே ஒருவரால் விலை சொல்ல முடிகிறது என்றால், அந்த விலையில் அவர் நிற்கப்போவதில்லை என்றுதான் பொருள். நேரில் வந்தோ, வெளியூரில் இருப்பவர்களுக்குக் குறைந்தது காணொளி அழைப்பிலோ வீட்டைப் பார்க்காமல் விலை சொல்லும் நிறுவனத்தை, அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அந்த அழைப்போடு விட்டுவிட வேண்டும் என்பது, வங்கிப் பணியில் ஊர் ஊராக மாறுதலாகிச் சென்றுகொண்டிருக்கும் என்னுடைய உறுதியான கருத்து.

இணையத்தில் நம் எண்ணை ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்த அரை மணி நேரத்துக்குள் வரிசையாக அழைப்புகள் வருகின்றன அல்லவா, அப்படி அழைப்பவர்களில் பலரிடம் சொந்தமாக ஒரு வண்டிகூட இருக்காது. வேலையைப் பிடித்து, தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு, அன்று காலையில் கிடைக்கிற லாரியையும் கிடைக்கிற ஆட்களையும் அனுப்பிவைக்கும் இடைத்தரகர்கள் அவர்கள். மற்றவரைவிட ஓரிரு ஆயிரம் குறைத்துச் சொன்னால்தான் வேலை கைக்கு வரும் என்பதால் குறைத்துச் சொல்கிறார்கள். அப்படிக் குறைத்ததைச் சாமான்கள் வண்டியில் ஏறிய பிறகு மாடிப்படிக் கூலி, கூடுதல் அட்டைப்பெட்டி, சுங்கக் கட்டணம், வண்டி காத்திருந்த நேரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வசூலித்துக்கொள்கிறார்கள். இதில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. டீசல் செலவுக்கும் நான்கு ஆட்களின் ஒரு நாள் கூலிக்குமே போதாத ஒரு தொகையை யாரோ சொன்னால், அதை மற்ற நிறுவனங்களிடம் காட்டி, "அவர் இவ்வளவுக்கு வருகிறாரே" என்று நாம்தான் பேரம் பேசுகிறோம். ஒழுங்காகத் தொழில் செய்பவர் அந்தப் பேரத்தில் விலகிக்கொள்கிறார், மற்றவர் தலையாட்டுகிறார்.

எங்கள் கிளையில் பணிபுரியும் தோழி ஒருவர் சேலத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தபோது, பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்பாக லாரியை ஓரங்கட்டிவிட்டு, பேசிய தொகைக்கு மேல் பன்னிரண்டாயிரம் அனுப்பினால்தான் வண்டி நகரும் என்று ஓட்டுநர் சொல்லிவிட்டார். முன்பணம் வாங்கியவரின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தோழியிடம் ஆதாரமாக இருந்தவை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விசிட்டிங் கார்டின் படமும், பணம் அனுப்பியதற்கான திரைப்பதிவும் மட்டுமே. அந்தப் பணமும் நிறுவனத்தின் கணக்குக்குப் போகாமல் ஏதோ ஒரு தனிநபரின் கணக்குக்குப் போயிருந்தது. குழந்தைகளின் பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிட்டதால் ஓட்டுநர் கேட்ட பணத்தைத் தோழி கொடுத்துத் தீர்த்தார். அந்த ஓட்டுநரைக்கூட முழுவதுமாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவருக்குத் தரகர் பேசிய வாடகை என்னவோ, அதில் எவ்வளவு கைக்கு வந்ததோ.

இத்தகைய நிலையில் சட்டம் நம்மைக் கைவிட்டுவிடவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. சரக்கை ஏற்றிச் செல்ல ஒப்படைக்கப்பட்டவர் அதில் நம்பிக்கை மோசடி செய்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது 407ஆம் பிரிவாக இருந்தது. பேசிய தொகையைக் கொடுக்க நாம் தயாராக இருந்தும் சாமான்களைத் தர மறுத்தால், வண்டி எண்ணைக் குறிப்பிட்டு 112 எண்ணில் காவல்துறையை அழைக்கலாம். ஆனால் பேசிய தொகை இதுதான் என்று காட்ட எழுத்தில் ஏதாவது நம் கையில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், சாலையோரத்தில் ஓட்டுநர் சொல்வதும் நாம் சொல்வதும் ஒரே மதிப்புடையவைதான்.

நம்பத்தகுந்த நிறுவனத்தின் ஆள் வீட்டைப் பார்க்க வரும்போதே வேறுபாடு தெரிந்துவிடும். கும்பகோணத்திலிருந்து நான் கிளம்பியபோது வந்த சூப்பர்வைசர், கூடத்தில் உட்காராமல் நேராகச் சமையலறைக்குப் போனார். கிரைண்டரைப் பார்த்ததும் அது சாய்க்கும் வகையா, மேடைமேல் வைக்கும் வகையா என்று குனிந்து பார்த்துவிட்டு, குழவியைக் கழற்றித் தனியாகச் சாக்கில் சுற்ற வேண்டும் என்று குறித்துக்கொண்டார். ஏணி கேட்டு வாங்கிப் பரணில் ஏறி, என் மனைவியின் சீர்வரிசைப் பித்தளை அண்டாக்களை எண்ணினார். துணி துவைக்கும் இயந்திரம் முன்பக்கக் கதவு கொண்டது என்பதால், வாங்கியபோது அதன் உருளையை ஆடாமல் பிடித்திருந்த போல்ட்டுகளைப் பத்திரப்படுத்தியிருக்கிறோமா என்று கேட்டார். கண்ணாடி பதித்த பீரோவை நாடாவால் அளந்து, மாடிப்படித் திருப்பத்தையும் அளந்தார். கடைசியில், "சிலிண்டரை நாங்கள் ஏற்றுவதில்லை சார், ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டு வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். இவ்வளவுக்கும் பிறகுதான் தொகையைச் சொன்னார். தொலைபேசியில் வந்த மற்ற விலைகளைவிட அது கூடுதலாகவே இருந்தது. சாமான்கள் புது வீட்டில் இறங்கிய பிறகும் அந்தத் தொகை மாறவில்லை.

அடுத்து, தாள்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்றம் பெரும்பாலும் இங்குதான் ஒளிந்திருக்கிறது. வாடகைக்குச் சரக்கு ஏற்றும் தொழிலை 1865ஆம் ஆண்டின் பழைய சட்டம் நெடுங்காலம் ஆண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2007இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டு, 2011 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இந்தத் தொழிலைச் செய்பவர் பதிவுபெற்றிருக்க வேண்டும். சாமான்களைப் பெற்றுக்கொண்டதற்குச் சரக்கு ரசீது, அதாவது நாம் எல்.ஆர். என்று சொல்வதைக் கொடுக்க வேண்டும். நமக்கு முக்கியமானது இன்னொன்று: சாமான்களின் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், சேதத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு வண்டி வாடகைத் தொகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். வாடகை 20,000 ரூபாய் என்றால், ஆறு லட்சம் பெறுமான சாமான்கள் எரிந்துபோனாலும் இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்க முடியாத நிலை வரலாம். வழக்குத் தொடுப்பதற்கு முன், சாமான்களை ஒப்படைத்துப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நிறுவனம் "பார்க்கிறோம் சார், பேசுகிறோம் சார்" என்று ஆறு மாதம் இழுத்தடிப்பதன் பொருள் அப்போது புரியும்.

இன்சூரன்ஸ் என்ற பெயரில் நடப்பது தனிக் கதை. சாமான் மதிப்பில் மூன்று சதவீதம் வரை வாங்கிக்கொண்டு, தங்கள் ரசீதிலேயே "இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது காப்பீடு ஆகாது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பெயரும், பாலிசி எண்ணும், நம்முடைய பெயரும், அறிவிக்கப்பட்ட மதிப்பும் இருக்கிற தாள் வண்டி கிளம்புவதற்கு முன் கைக்கு வந்தால்தான் அது காப்பீடு. நாமே கட்டிய பெட்டிகளுக்குள் உடைந்தவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே கண்ணாடி, பீங்கான் சாமான்களை அவர்களையே கட்டச் சொல்வது நல்லது. நகை, பத்திரம், சான்றிதழ் ஆகியவை நம் கையோடு வர வேண்டும் என்பதை யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வங்கி ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் தனியாக ஒரு வார்த்தை. பல நிறுவனங்கள் தங்கள் அட்டையில் "ஐ.பி.ஏ. அப்ரூவ்டு" என்று அச்சிட்டுக்கொள்கின்றன. ஐ.பி.ஏ. எனப்படும் இந்திய வங்கிகள் சங்கம் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்கான பட்டியல் ஒன்றை வைத்திருப்பது உண்மை. வங்கிகள் லாரி ரசீதுகளை ஆவணமாக ஏற்றுக் கடன் கொடுப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. பட்டியலில் பெயர் இருக்கிறதா, அங்கீகாரம் இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அது நம் வீட்டு பீங்கான் தட்டுகளை எப்படிக் கட்டுவார்கள் என்பதற்கான சான்றிதழ் அல்ல. நாம் அலுவலகத்தில் காட்டிப் பணம் பெறப்போகும் பில்லை நினைத்து, "பில் எவ்வளவுக்கு வேண்டும் சார்?" என்று கண்ணடித்துக் கேட்பவர்களும் உண்டு. நம் அலுவலகத்தை ஏமாற்ற நமக்குத் துணை வருபவர், அடுத்து நம்மை ஏமாற்றும்போது நாம் எந்த முகத்தோடு புகார் கொடுப்போம்?

பில்லைப் பற்றிய பேச்சில் இன்னும் இரண்டு செய்திகள். கொட்டேஷனில் இருக்கும் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை அரசின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் நிறுவனத்தின் பதிவுப் பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் பதிவுபெற்ற எண் 33 என்று தொடங்கும். சென்னை முகவரியைக் காட்டிவிட்டு எண் வேறு மாநிலத்தினுடையதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பிரபலமான நிறுவனங்களின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ வைத்துக்கொண்டு திரிபவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம் என்பதால் இந்தச் சோதனை அவசியம். இன்னொன்று, சரக்கு கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டாகிய இ-வே பில்லுக்குக் கட்டணம் என்று தனியாகப் பணம் கேட்பது. பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று விதியிலேயே விலக்கு இருக்கிறது.

வெளியூருக்குப் போகாமல் ஒரே ஊருக்குள், நங்கநல்லூரிலிருந்து மடிப்பாக்கத்துக்கு மாறுவதற்கு இத்தனை ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். ஒற்றைப் படுக்கையறை வீடு என்றால் பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும் குட்டி யானையும், அதோடு வழக்கமாக வரும் ஆட்களும் போதும் என்பேன். அந்த ஓட்டுநர் நாளைக்கும் அதே ஸ்டாண்டில்தான் நிற்கப்போகிறார். நம் தெருவில் அவருக்கு அடுத்த சவாரி வேண்டும். பெரிய விளம்பரம் தரும் நிறுவனத்தைவிட நடந்து போகும் தொலைவில் அலுவலகமும் கிடங்கும் வைத்திருப்பவரை நான் விரும்புவதற்கும் இதுவே காரணம். அலுவலகத்தை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளும் பபுள் ரேப் உருளைகளும் அடுக்கி வைத்த கிடங்கு, மஞ்சள் நம்பர் பிளேட்டோடு அவர் பெயரிலேயே ஓடும் ஒரு வண்டி, மாதச் சம்பளத்துக்கு இருக்கும் நாலைந்து ஆட்கள் ஆகியவற்றை ஏமாற்றுக்காரர் ஒருவர் உங்களுக்காக உருவாக்கி வைக்க மாட்டார்.

நாள் பார்ப்பதும் விலையையும் தரத்தையும் மாற்றுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் வீடு மாறுவதில்லை. ஆவணியும் தையும் பிறந்தவுடன், அதிலும் முகூர்த்த நாளும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்துவிட்டால், எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். அன்றைக்கு நல்ல நிறுவனமும் வெளியாட்களைப் பிடித்துத்தான் அனுப்பும். பால் காய்ச்சும் சடங்கை மட்டும் நல்ல நாளில் முடித்துவிட்டு, சாமான்களை வாரநாள் ஒன்றில் ஏற்றினால் வாடகையும் குறையும், நிறுவனத்தின் சொந்த ஆட்களே வருவார்கள்.

ஆட்கள் வந்து வேலை தொடங்கிய பிறகு நாம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் எண் எழுதப்படுகிறதா, அந்த எண்கள் பட்டியலில் ஏறுகின்றனவா, ஏற்கெனவே இருந்த கீறல்களும் அதில் குறிக்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொண்டால் போதும். குளிர்சாதனப் பெட்டி நின்ற நிலையில் ஓட்டுநர் இருக்கைப் பக்கமாகக் கட்டப்பட வேண்டும். மதியம் அவர்களுக்குச் சாப்பாடும் இடையிடையே தண்ணீரும் கொடுப்பதை நான் தர்ம காரியமாகச் சொல்லவில்லை. மூன்று மாடி ஏறி இறங்குகிறவர்களுக்குச் செய்ய வேண்டிய அடிப்படை மரியாதை அது. இறக்கிய பின், எண்களைச் சரிபார்த்து, உடைந்தவற்றை டெலிவரி ரசீதிலேயே எழுதிய பிறகே கையெழுத்திட வேண்டும். அவசரப்படுத்தினாலும் எழுதாமல் கையெழுத்து வேண்டாம். தகராறு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது; 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம், ரசீதின் பின்புறத்தில் எந்த ஊர் நீதிமன்றத்தின் பெயரை அச்சிட்டிருந்தாலும்.

இதைப் படித்துவிட்டு நிறுவனத்தின் பெயரைக் கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். கும்பகோணத்தில் எனக்கு நன்றாகச் செய்தவர் உங்கள் ஊரில் இல்லை. உங்கள் பகுதியில் இருக்கிற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் காவலாளியிடம் கேளுங்கள். வாரந்தோறும் யாராவது வருவதையும் போவதையும் பார்க்கிறவர் அவர். எந்த வண்டிக்காரர் லிஃப்டில் கீறல் விழாமல் அட்டை ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார், எந்த வண்டி இறங்கிய இடத்தில் சண்டை நடந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.