கோட்டைக்குள்தான் சாப்பிட வேண்டுமா?
ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குக் குழந்தைகளோடு போனால் ஒரு வேளையாவது சிண்டரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று இங்கே வந்திருக்கும் பயணக் கட்டுரை அடித்துச் சொல்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. 60 நாள் முன்பே இடம் பிடித்து, பணத்தையும் அப்போதே கட்டிவிட்டு, அப்புறம் அந்த நேரத்துக்காக அன்றைய நாளையே வளைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் அதற்குப் பதிலாக டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் உள்ள சனா என்ற உணவகத்துக்குப் போனோம். அது ஹோட்டலுக்குள் இருப்பதால் பூங்கா டிக்கெட்டே தேவையில்லை, சாப்பிடும் ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்கின்றன, எங்கள் பிள்ளைகள் தட்டைப் பார்க்கவே இல்லை! மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் சைவக்காரர்களுக்கு டிஸ்னி வேர்ல்டில் பிரெஞ்சு பிரைஸ்தான் கதி என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் சனாவைத்தான் சொல்வேன், இந்திய ரொட்டி வகைகளும் தொட்டுக்கொள்ள ஒன்பது விதமான சட்னி, ஊறுகாய் மாதிரியான அயிட்டங்களும் வரும், இரண்டு பேர் தாராளமாகப் பகிரலாம். மதியச் சாப்பாட்டை நாமே கட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம், கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் இல்லாதவரை டிஸ்னி பூங்காக்களுக்குள் வெளிச் சாப்பாட்டை அனுமதிக்கிறார்கள், குளிர்பானம் விற்கும் கவுன்டர்களில் ஐஸ் தண்ணீர் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள்.