கழுத்துக்கும் கொஞ்சம் தடவிவிடுங்கள்

கவுன்ட்டர்: முதலில் போட்டிருப்பதைத் துடைத்துவிடலாம் மேடம். அப்போதுதான் ஷேடு சரியாகத் தெரியும்.

வந்தவர்: நான் ஒன்றும் போடவில்லையே.

கவுன்ட்டர்: கூச்சப்படாதீர்கள் மேடம். இங்கே எல்லாரும் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

வந்தவர்: காலையில் முகம் கழுவினேன், வந்தேன். நடுவில் வேறெதுவும் நடக்கவில்லை. இது என் தோலம்மா.

(கவுன்ட்டரில் நின்ற பெண் "சரி, சரி" என்றார். கடன் வாங்கியவர் அடுத்த வாரம் தருகிறேன் என்றால் நாம் சொல்வோமே, அந்தச் சரி. பஞ்சில் கிளென்சரை ஊற்றி, கேட்காமலேயே கன்னத்தில் ஓர் இழுப்பு இழுத்தார்.)

கவுன்ட்டர்: பாருங்கள், எவ்வளவு வெள்ளையாக வந்திருக்கிறது!

வந்தவர்: அது பஞ்சு.

கவுன்ட்டர்: ...இன்னொரு தடவை துடைத்துப் பார்க்கட்டுமா?

வந்தவர்: இன்னொரு தடவை துடைத்தால் சிவந்துவிடும். அப்புறம் சிவப்பை மறைக்க ஒரு பச்சை க்ரீம் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

கவுன்ட்டர்: இருக்கிறது மேடம், காட்டட்டுமா?

வந்தவர்: வேண்டாம். முகம் முழுக்கப் பூச ஒரு ஃபவுண்டேஷன், கண்ணடியை மறைக்க ஒரு கன்சீலர். அவ்வளவுதான்.

கவுன்ட்டர்: மேடம் கொடுத்துவைத்தவர். இந்த நிறத்துக்கு எதுவுமே தேவையில்லை.

வந்தவர்: நேற்றுப் போன கடையிலும் இதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இந்த மூக்கோரச் சிவப்பும் கண்ணடிக் கருப்பும் நிறத்தைப் பார்த்தா வருகின்றன?

கவுன்ட்டர்: எங்களிடம் 40 ஷேடு இருக்கிறது மேடம், கவலையே வேண்டாம். கையைக் காட்டுங்கள். நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், மஞ்சள் ஓடுகிற தோல். நீலமாகத் தெரிந்தால் கூல், ரோஜா ஓடுகிற தோல்.

வந்தவர்: (மணிக்கட்டைத் திருப்பி) இந்தாருங்கள்.

கவுன்ட்டர்: ...எல்லாமே தெரிகிறதே.

வந்தவர்: ஆமாம். பச்சை, நீலம், ஊதா. எது எங்கே கிளை பிரிகிறது என்பதுகூடத் தெரியும். ஊசி போடுகிற நர்ஸ்கள் மட்டும்தான் என்னைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறார்கள்.

கவுன்ட்டர்: அப்படியென்றால் நியூட்ரல் என்று வைத்துக்கொள்ளலாம்.

வந்தவர்: தெரியாததற்கெல்லாம் நியூட்ரல் என்று பெயர் வைத்துவிடுகிறீர்கள். இன்னொரு கம்பெனியில் என்சி, என்டபிள்யூ என்று இரண்டு வரிசை. சி என்றால் கூல். ஆனால் என்சி மஞ்சள் ஓடுகிற தோலுக்கு, என்டபிள்யூ ரோஜா ஓடுகிற தோலுக்கு. நீங்கள் சொல்வதற்கு அப்படியே தலைகீழ். இதைப் புரிந்துகொள்வதற்குள் எனக்கு இரண்டு பாட்டில் செலவாயிற்று.

கவுன்ட்டர்: குழப்பமே வேண்டாம். கையிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

வந்தவர்: முகத்துக்கு அல்லவா வாங்க வந்தேன்? கை வெயிலில் திரிகிறது. முகம் குடைக்குள் இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தாடை ஓரத்தில் போடுங்கள்.

(போட்டார். ஐவரி ஒரு கோடு, அலபாஸ்டர் ஒரு கோடு, போர்சலைன் ஒரு கோடு. வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் சுவர் மூலையில் சாம்பிள் அடித்துப் பார்ப்பார்களே, அப்படி. உதட்டுச்சாயம் பார்ப்பதுபோலப் பக்கத்தில் நின்றிருந்த நான், அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.)

கவுன்ட்டர்: இந்தப் போர்சலைன்தான் எங்களிடம் இருப்பதிலேயே லைட்.

வந்தவர்: போர்சலைன் என்றால் பீங்கான்தானே? இது எந்தப் பீங்கான்? டீ குடித்துவிட்டு இரண்டு நாள் கழுவாமல் வைத்த கோப்பையா?

கவுன்ட்டர்: கண்ணாடியில் பாருங்கள் மேடம், ஒரு க்ளோ வருகிறது.

வந்தவர்: இந்த மஞ்சள் விளக்குக்குக் கீழே நின்றால் சுவருக்குக்கூட க்ளோ வரும். வாசலுக்கு வாருங்கள்.

(வாசலுக்குப் போனார்கள். பகல் வெளிச்சம் ஈவு இரக்கம் பார்க்கவில்லை.)

கவுன்ட்டர்: லேசாக ஆரஞ்சு அடிக்கிறதுதான். ஆனால் கழுத்துக்கும் கொஞ்சம் தடவிவிட்டால் வித்தியாசம் தெரியாது.

வந்தவர்: காது?

கவுன்ட்டர்: காதுக்கும் லேசாக.

வந்தவர்: தோள்பட்டை?

கவுன்ட்டர்: கழுத்து இறக்கமான டிரஸ் என்றால் தோளுக்கும்.

வந்தவர்: கை?

கவுன்ட்டர்: முழுக்கைச் சட்டை போட்டால் கைக்குத் தேவையில்லை மேடம்.

வந்தவர்: பாட்டிலில் இருப்பது 30 மில்லி. நீங்கள் சொல்கிற கணக்குக்கு வாளியில் அல்லவா விற்க வேண்டும்? முகத்துக்கு ஏற்ற நிறத்தைக் கேட்டால், நிறத்துக்கு ஏற்ற மாதிரி என்னை மாற்றச் சொல்கிறீர்கள்.

கவுன்ட்டர்: மாய்ஸ்சரைசர் கலந்து பாருங்கள், லைட்டாகிவிடும்.

வந்தவர்: நீர்த்துப்போகும். ஆரஞ்சு ஆரஞ்சாகவேதான் இருக்கும், மெல்லிசாக இருக்கும். அடியில் இருக்கிற சிவப்பும் தெரியும், மேலே போட்ட ஆரஞ்சும் தெரியும்.

கவுன்ட்டர்: சரி, ஒரு பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். தோலோடு செட் ஆகிவிடும்.

(பத்து நிமிடம் விட்டார்கள். செட் ஆனது. இன்னும் ஒரு படி கறுத்துச் செட் ஆனது.)

கவுன்ட்டர்: அது ஆக்சிடைஸ் ஆகிறது மேடம். எல்லா ஃபவுண்டேஷனும் கொஞ்சம் ஆகும்.

வந்தவர்: துருப்பிடிக்கிறது என்கிறீர்கள்.

கவுன்ட்டர்: ஐயோ, துருவெல்லாம் இல்லை மேடம்!

வந்தவர்: ஏற்கெனவே துருவின் சொந்தக்காரன்தான். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். 77491, 77492, 77499. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, மூன்றும் இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பது புதிதாக என்ன ஆக்சிடைஸ் ஆகப்போகிறது? பூசியதில் இருக்கிற திரவம் ஆவியாகிப் போகிறது. பொடி நெருங்கிக்கொள்கிறது. என் முகத்து எண்ணெயும் அதில் ஊறுகிறது. ஈர மணல் காய்ந்த மணலைவிடக் கறுப்பாகத் தெரியாதா, அந்த மாதிரி.

கவுன்ட்டர்: மேடம் கெமிஸ்ட்ரி டீச்சரா?

வந்தவர்: இல்லை. இந்த நிறத்தில் பிறந்தால் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே வரிசையில் 77891 என்று இன்னொன்று இருக்கும், டைட்டானியம் டையாக்சைடு. அதுதான் வெள்ளை. உங்கள் 40 பாட்டிலும் பெரும்பாலும் இந்த நாலு பொடியின் கலவைதான். எனக்காகப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அந்த மூன்றில் ஒரு சிட்டிகை குறைத்தால் போதும். குறைப்பதற்குக்கூடவா கஞ்சத்தனம்?

கவுன்ட்டர்: வெள்ளை அதிகமாகச் சேர்த்தால் ஃபிளாஷ் போட்டு எடுக்கிற போட்டோவில் முகம் மட்டும் பேய் மாதிரி பளிச்சென்று தெரியும் மேடம்.

(இது உண்மை. வந்ததிலிருந்து அந்தப் பெண் சொன்ன முதல் உருப்படியான விஷயம்.)

வந்தவர்: ஃபிளாஷ் இல்லாமலேயே எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பழகிவிட்டது.

கவுன்ட்டர்: தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்... உடம்புக்கு ஏதாவது... ரத்தம் கித்தம் டெஸ்ட் பண்ணிப் பார்த்தீர்களா?

வந்தவர்: ஹீமோகுளோபின் 13. பில்லில் அதையும் எழுதிக்கொள்கிறீர்களா?

கவுன்ட்டர்: சும்மா அக்கறையில் கேட்டேன் மேடம். கன்சீலரைப் பார்த்துவிடலாம். ஃபவுண்டேஷனைவிட ஒரு படி லைட்டாக எடுக்க வேண்டும், அதுதான் ரூல்.

வந்தவர்: நல்ல ரூல். என் ஃபவுண்டேஷன் எந்தப் படி?

கவுன்ட்டர்: முதல் படி.

வந்தவர்: அதற்குக் கீழே?

கவுன்ட்டர்: ...தரை மேடம்.

வந்தவர்: கன்சீலரில் மொத்தம் எத்தனை ஷேடு?

கவுன்ட்டர்: 12.

வந்தவர்: ஃபவுண்டேஷனில் 40 வகை முகம். கன்சீலருக்கு வரும்போது அதில் 28 பேர் காணாமல் போய்விட்டார்களா?

கவுன்ட்டர்: அட்ஜஸ்ட் ஆகும் மேடம். முதலில் இந்தப் பீச் கரெக்டர், கண்ணடி நீலத்தை அடக்கிவிடும். அதன் மேல் கன்சீலர்.

வந்தவர்: எனக்கு வேண்டியது ரொம்ப மெல்லிய பீச். நீங்கள் கையில் வைத்திருப்பது செங்கல்.

(அதற்குள் தடவியாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே இரண்டு பிறை. இரண்டும் பழுப்பு.)

வந்தவர்: கருவளையத்தை மறைக்கக் கேட்டேன். நீங்கள் அவுட்லைன் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

கவுன்ட்டர்: அது இப்போது முகத்தோடு சேரவில்லை, அவ்வளவுதான். கழுத்துக்கும் கொஞ்சம்...

வந்தவர்: கழுத்திலுமா கருவளையம்?

(இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் கையிலிருந்த உதட்டுச்சாயத்தை வாங்க வேண்டியதாயிற்று.)

வந்தவர்: சரி, விடுங்கள். ஃபவுண்டேஷனில் இரண்டு சொட்டுக் கலந்தால் நிறத்தைக் குறைக்கிற வெள்ளைத் திரவம் ஒன்று வருமே, அது இருக்கிறதா?

கவுன்ட்டர்: ஓ, வெளுப்பாக்குவதா! அதை முதலிலேயே கேட்டிருக்கக் கூடாதா மேடம்? (ஓடிப்போய் ஓர் அணைப்பு நிறையக் குப்பிகளோடு வந்து) இது நைட் சீரம், இது டே க்ரீம், இது ஃபேஸ் வாஷ். நாலே வாரத்தில் இரண்டு ஷேடு கம்மியாகும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

வந்தவர்: இது யாருக்கு?

கவுன்ட்டர்: மேடத்துக்குத்தான்.

வந்தவர்: எனக்கா?

கவுன்ட்டர்: மேடம்தானே வெள்ளையாக்குகிற...

வந்தவர்: பாட்டிலை அம்மா! என்னை இல்லை, பாட்டிலை! நான் இதற்கு மேல் இரண்டு ஷேடு கம்மியானால் சுவர்தான் தெரியும்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. வந்தவர் அந்தக் குப்பிகளை ஒவ்வொன்றாக மேஜையில் நிறுத்தினார்.)

வந்தவர்: ஒன்று, இரண்டு... பத்து வகை. எல்லா அட்டையிலும் அதே ஏணிப்படி முகங்கள், கறுப்பிலிருந்து வெளுப்பு வரை. வெளுப்பாக்க இத்தனை குப்பி விற்கிறீர்கள். வெளுத்து முடித்தவருக்குப் பூச ஒரு பாட்டில் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? இந்தக் க்ரீம் வேலை செய்யும் என்று இந்தக் கடையே நம்பவில்லை.

கவுன்ட்டர்: (மெதுவாக) நான் அதைப் போட்டுக்கொள்வதில்லை மேடம்.

வந்தவர்: நல்ல பெண். போடாதே.

கவுன்ட்டர்: ஆனால் 40 ஷேடு இருக்கிறது என்பது பொய்யில்லை.

வந்தவர்: பொய்யென்று யார் சொன்னது? 2017-இல் ஃபென்டி பியூட்டி என்கிற மேக்கப் கம்பெனி 40 ஷேடோடு வந்து இறங்கியது. அதற்குப் பிறகு 40 என்றால் ஒரு மரியாதை. நீங்களும் 40 வைத்துவிட்டீர்கள். இந்த 15-லிருந்து 30 வரை ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டுவிட்டுப் பெயரை மறைத்துக்கொள்ளுங்கள். எது எதென்று உங்களாலேயே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் வரும்போது மட்டும் மூன்று படி தாவல். நன்றாகக் கறுத்த தோல்காரர்கள் இதே கேள்வியை எனக்கு ரொம்ப முன்னாலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் கொடுத்துவைத்தவர் என்றுகூடச் சொல்வதில்லை. நேரே இந்த நைட் சீரத்தைத்தான் நீட்டியிருப்பீர்கள்.

(அந்தப் பெண் சீரத்தை மேஜைக்கு அடியில் வைத்தார்.)

கவுன்ட்டர்: உண்மையைச் சொல்லட்டுமா மேடம்? இந்தப் போர்சலைனுக்கும் முந்தின ஷேடு ஒன்று கம்பெனியில் இருக்கிறது. 00 என்று.

வந்தவர்: அட! எங்கே?

கவுன்ட்டர்: நாங்கள் வாங்கி வைப்பதில்லை.

வந்தவர்: யாரும் கேட்பதில்லையா?

கவுன்ட்டர்: வந்த இரண்டாம் நாளே தீர்ந்துவிடும் மேடம். ஷெல்ஃபில் நிற்பதே இல்லை. எப்போது பார்த்தாலும் அந்த இடம் காலியாக இருந்தது, பார்க்க நன்றாக இல்லை. அதனால் நிறுத்திவிட்டோம்.

(வந்தவர் பதில் சொல்லவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தாடையின் மூன்று கோடுகளையும் கண்ணடிப் பிறைகளையும் அவரே துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை பஞ்சு ஆரஞ்சாக வந்தது. புதுப் பஞ்சு ஒன்றை எடுத்துக் கன்னத்தோரம் வைத்து, வாசல் பக்கம் திரும்பிக் கைக்கண்ணாடியில் பார்த்தார்.)

வந்தவர்: இந்தப் பஞ்சு விற்பனைக்கு இருக்கிறதா?

கவுன்ட்டர்: இருக்கிறது மேடம், ஒரு பாக்கெட்டில் 100. ஆனால் எதற்கு?

வந்தவர்: இந்தக் கடையில் என் நிறத்துக்குப் பொருந்துவது இது ஒன்றுதான்.

கவுன்ட்டர்: (பில் போட்டுக்கொண்டே) இரண்டு பாக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் மேடம். கழுத்துக்கும் ஆகும்.