சுரண்டிவிட்டால் முடிந்துவிடாது

அமெரிக்க ராணுவத்தின் துப்பாக்கித் தொலைநோக்கியில் பைபிள் வசன எண் இருந்த 2010 விவகாரத்தைப் பற்றி எழுதிவிட்டு, ‘ஒரு நிமிடத்தில் சுரண்டி எடுத்திருக்கலாமே’ என்று ஒரு கட்டுரை முடிகிறது. அது அவ்வளவு லேசான வேலை இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ட்ரைஜிகான் நிறுவனம், தான் தயாரிக்கும் ‘ஏகாக்’ என்ற துப்பாக்கித் தொலைநோக்கியின் மாடல் எண்ணுக்குப் பின்னால், அதே அளவு எழுத்தில் ‘ஜேஎன்8:12’ என்று சேர்த்திருந்தது. ‘ஜேஎன்’ என்பது யோவான் (ஜான்) என்பதன் ஆங்கிலச் சுருக்கம்; பைபிளில் யோவான் 8:12, ‘உலகத்திற்கு ஒளி’ வசனம். மாடல் எண்ணின் வால் மாதிரியே தெரிந்ததால்தான் பலர் கண்ணில் படவில்லை. இது ஸ்டிக்கரோ மேலோட்டமான கீறலோ இல்லை. ஃபோர்ஜிங் செய்த (அழுத்தி உருவாக்கிய) அலுமினிய உடலிலேயே புடைத்து நிற்கும் எழுத்து. அதை அரைத்தால் அலுமினியத்தைக் காக்கும் அனோடைஸ் பூச்சும் கூடவே போய்விடும். வெறும் அலுமினியம் வெயிலில் பளபளத்து ஆளைக் காட்டிக்கொடுக்கும், உப்புக்காற்றில் அரிக்கும். அதனால் அரைத்த இடத்தில் மங்கலான கறுப்புப் பூச்சு கட்டாயம். பக்கத்திலுள்ள மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் தொடக்கூடாது, தொட்டால் இருப்புப் பதிவேட்டில் சிக்கல். உள்ளே, இருட்டிலும் குறி தெரிய ஒளி தரும் டிரிடியம் என்ற கதிரியக்க வாயு இருப்பதால் உடலைப் பிரிக்கவே கூடாது.

செய்தி வெளியான சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கி வந்தது. அமெரிக்க ராணுவத்துக்கான புதிய தயாரிப்புகளில் வசன எண் சேர்ப்பதை நிறுத்துவதாகவும், ஏற்கெனவே கொடுத்தவற்றில் அதை நீக்க 100 கருவித் தொகுப்புகளை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தது.

என்னைக் கேட்டால் கோட்டை விட்டது ராணுவத்தின் கொள்முதல் பிரிவுதான். மத்தியகிழக்கில் மதப் பிரசாரத்துக்கு, அங்குள்ள படையினரின் நடத்தைக்கான ராணுவத்தின் முதலாம் பொது ஆணையே தடை போட்டிருந்தது. ஒப்பந்தத்தில் ‘வரைபடத்தில் உள்ள குறியீடு தவிர வேறெதுவும் கூடாது’ என்ற ஒரு வரியும், முதல் மாதிரிச் சோதனையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் கேட்கும் ஆளும் இருந்திருந்தால் உலோக அச்சிலேயே நிறுத்தியிருக்கலாம்.