அழுத்தாதீங்க, அழுத்துங்க!

பிரபு: ஆத்தா, லேப்டாப் ஸ்கிரீனைத் தொடாதீங்க! உங்கள் முதியோர் உதவித்தொகை மனுவைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னத்தாய்: தொடவில்லையப்பா, காட்டுகிறேன். பிறந்த வருஷம் 1985 என்று அடித்திருக்கிறாய். எழுத்துதான் எனக்குத் தெரியாது, நம்பர் தெரியும். 85-இல் என் பெரியவனுக்குக் காது குத்தியாகிவிட்டது.

பிரபு: 1958 தான், மாறி விழுந்துவிட்டது. வாயால் சொன்னால் போதும்.

சின்னத்தாய்: வாயால்தான் சொன்னேன். நீ போனில் இருந்தாய். இதோ பார், இங்கே...

பிரபு: ஐயோ, அழுத்தாதீங்க!

சின்னத்தாய்: அட, கலர் கலராகப் பரவுகிறதே!

பிரபு: வேடிக்கை இல்லை ஆத்தா. ரெண்டு மெல்லிய கண்ணாடிக்கு நடுவில் திரவப் படிகம் என்று ஒன்று இருக்கிறது. அழுத்தினால் அது ஒதுங்கும், நிறம் மாறும். இன்னும் அழுத்தினால் கண்ணாடியே போய்விடும். புது டிஸ்ப்ளே போட ஐயாயிரமாவது ஆகும்.

சின்னத்தாய்: என் பேத்தி போனை நாள் முழுக்கத் தேய்க்கிறாள். அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?

பிரபு: அது டச் ஸ்கிரீன். மேலே கெட்டிக் கண்ணாடி. விரல் பட்டதும் மின்னூட்டம் மாறும். அதைக் கண்டுபிடிக்கிற படலம் அடியில் இருக்கிறது. இந்த லேப்டாப்பில் அது கிடையாது. நீங்கள் தொடுவது இதற்குத் தெரியவே தெரியாது.

சின்னத்தாய்: நல்லபடியாகத் தொட்டால் தெரியாது, கொஞ்சம் அழுத்திவிட்டால் மட்டும் உடைந்துபோகும். என் மருமகன் மாதிரியேதான்.

பிரபு: கையை எடுங்க ஆத்தா...

சின்னத்தாய்: எடுத்துவிட்டேன். ஆமாம், மூலையில் கறுப்பாக ஒரு பொட்டு இருக்கிறதே, அதுவும் நான் அழுத்தியதா?

பிரபு: அது... பேனாவை உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

சின்னத்தாய்: சரி சரி.

பிரபு: உதவித்தொகைக்குக் கைரேகையும் வேண்டும். இந்தச் சின்ன மெஷினில் பெருவிரலை வைங்க. சிவப்பு லைட் வருகிறதே... அழுத்துங்க.

சின்னத்தாய்: என்னது?

பிரபு: அழுத்துங்க ஆத்தா.

சின்னத்தாய்: இப்போதுதானே அழுத்தாதே என்று கத்தினாய்?

பிரபு: அது ஸ்கிரீன், இது கைரேகை மெஷின். இதில் நன்றாக அழுத்தணும்.

சின்னத்தாய்: உடைந்தால் எவ்வளவு, இப்போதே சொல்லிவிடு.

பிரபு: உடையாது. இன்னும் அழுத்துங்க. ம்ஹூம், ரேகை பொருந்தவில்லை என்கிறது. தேய்ந்துபோயிருக்கிறது போல. ஈரத்துணியில் துடைத்துவிட்டு வைங்க.

சின்னத்தாய்: ஏலக்காய்க் கறை துணிக்கா போகும்? ரேஷன் கடை மெஷினும் என் விரலை இல்லை என்றது. அப்புறம் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்கினேன்.

பிரபு: கண் மெஷின் இங்கே இல்லை ஆத்தா.

சின்னத்தாய்: ஜீப்பில் கம்பம்மெட்டு மலை ஏறி, கேரளாவில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனபோதெல்லாம் இதே பெருவிரலை மையில் முக்கி வைத்துத்தான் கூலி வாங்கினேன். எத்தனை வருஷம்! ரேகை பொருந்தவில்லை என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் என் விரலைத் திருப்பிப் பார்க்கவில்லை. வேலை வாங்கும்போது எந்த விரலும் செல்லும். நாலு காசு கொடுக்கும்போதுதான் ரேகை எண்ணுகிறீர்கள்.

பிரபு: சட்டம் நான் போட்டதா ஆத்தா? சரி, வேறு விரல் வைத்துப் பார்க்கலாம்.

சின்னத்தாய்: வேறு விரல் மட்டும் வீட்டிலா இருந்தது? அதுவும் அதே ஜீப்பில்தானப்பா வந்தது.