கடைசிப் பத்தியில் டென்ஸ் ஏன் மாறுகிறது?

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி போன வாரம் வகுப்பு வாசலிலேயே என்னை நிறுத்திக் கேட்டாள். "மிஸ், இன்னைக்கு போயமா, கிராமரா? கிராமர்னா நான் அந்த நோட்டு எடுத்துட்டு வரலை."

ஆங்கிலத்துக்கு அவளிடம் இரண்டு நோட்டு. ஒன்றில் கதை, கவிதை, கேள்வி பதில். இன்னொன்றில் டென்ஸ் (வினையின் காலம்), ஆர்டிகிள் (a, an, the), ஆக்டிவ் வாய்ஸ் (செய்வினை), பாஸிவ் வாய்ஸ் (செயப்பாட்டு வினை). அட்டைகூட வேறு வேறு நிறம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படிப் பிரித்துக் கொடுத்தது ஆசிரியர்களாகிய நாங்கள்தான். ஒரு நோட்டில் இருப்பதற்கும் இன்னொன்றில் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அந்தப் பிள்ளை நம்புகிறாள் என்றால், அது நாங்கள் கற்றுக்கொடுத்த நம்பிக்கை. அன்றிலிருந்து இது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

16 வருடமாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். முதல் ஏழெட்டு வருடம் நானும் பிரித்துத்தான் நடத்தினேன். திங்கள் ப்ரோஸ், புதன் போயம், வெள்ளி கிராமர். "ஹி ரைட்ஸ் எ லெட்டர்" என்று போர்டில் எழுதுவேன், "எ லெட்டர் இஸ் ரிட்டன் பை ஹிம்" என்று பிள்ளைகள் மாற்றுவார்கள். பத்துக்குப் பத்து வாங்குவார்கள். அதே பிள்ளைகள் சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியமும் நிற்காது. யார் அந்தக் கடிதத்தை எழுதினார், யாருக்கு எழுதினார், அதை ஏன் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏரிக்கரையில் கண்ட டாஃபடில்ஸ் பூக்களைப் பற்றிய கவிதையை எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலம் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளியில் அதைக் கடந்து வந்திருப்பார்கள். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1807-இல் வெளியிட்டது. அதை வழக்கமாக எப்படி நடத்துவோம்? கவிஞர் குறிப்பு. சிமிலி (உவமை) எந்த வரியில், பெர்சானிஃபிகேஷன் (ஆள் அல்லாததை ஆளாகக் காட்டுவது) எந்த வரியில். ரைம் ஸ்கீம் ஏ-பி-ஏ-பி-சி-சி. தமிழில் ஐந்து வரிச் சாராம்சம். முடிந்தது, அடுத்த பாடம்.

இப்போது நான் முதல் நாள் அர்த்தமே சொல்வதில்லை. மேஜையைத் தட்டிக்கொண்டே இரண்டு முறை வாய்விட்டு வாசிப்பேன். வரிக்கு நாலு தட்டு விழும். மூன்றாவது முறை பிள்ளைகளே தட்டத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் பென்சிலை எடுக்கச் சொல்வேன். உவமைக்குள் வருவதை விட்டுவிட்டு, கவிஞர் என்ன செய்தார், என்ன நடந்தது என்று சொல்கிற வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட வேண்டும். வாண்டர்ட் (திரிந்தேன்), சா (கண்டேன்), டான்ஸ்ட் (ஆடின), கேஸ்ட் (பார்த்து நின்றேன்). எல்லாம் இறந்த காலம். மூன்றாவது பத்தி முடிகிற இடத்தில் "ஹேட் ப்ராட்" என்று ஒன்று வரும். நாலாவது பத்தியில் லை (படுக்கிறேன்), ஃப்ளாஷ் (மின்னுகின்றன), ஃபில்ஸ் (நிறைகிறது), டான்ஸஸ் (ஆடுகிறது).

இந்த வருடம் இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு பையன் எழுந்தான். "மிஸ், இது பிரிண்டிங் மிஸ்டேக்கா? மூணு பத்தி பாஸ்ட்ல போயிட்டு இங்க மட்டும் பிரசன்ட்ல இருக்கு."

எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. கிராமர் நோட்டில் 'இன்றும் வழக்கமாக நடப்பதற்கு சிம்பிள் பிரசன்ட்' என்று எத்தனையோ தடவை எழுதியவன் அவன். அந்த விதி ஒரு மனுஷனின் வாழ்க்கைக்குள் நின்றுகொண்டு தன்னைப் பார்ப்பதை அன்றுதான் கண்டான். நான் பதில் சொல்லவில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "பூவைப் பார்த்தது அன்னைக்கு. ஞாபகம் வர்றது இன்னைக்கும்டா." அவ்வளவுதான். கவிதையின் மொத்தப் பொருளும் டென்ஸ் மாறுகிற அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. அந்தச் சொற்களைத் தொடாமல் ஐந்து வரிச் சாராம்சம் எழுதிப் போட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது 'இயற்கை அழகானது' என்ற வரி மட்டும்தான். அதற்குக் கவிதை எதற்கு?

அந்த "ஹேட் ப்ராட்" இன்னும் அழகு. பூக்களைப் பார்த்துப் பார்த்து நின்ற அந்த நேரத்தில், இந்தக் காட்சி தனக்கு எப்படிப்பட்ட செல்வத்தைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது என்று அவருக்குத் தோன்றவில்லை. 'சேர்த்திருந்தது' என்பதில் இருக்கிற அந்த 'இருந்தது'தான் பாஸ்ட் பர்ஃபெக்ட். பிள்ளைகளை அழ வைக்கிற டென்ஸ் அது. தமிழில் அந்தச் சொல்லை அவர்கள் தினமும் வாயில் வைத்திருக்கிறார்கள். "நான் போறதுக்குள்ள அவ கிளம்பிப் போயிருந்தா" என்று சொல்லாத பிள்ளை உண்டா? இருப்பதைக் காட்டிக் கொடுத்தால் போதும். தமிழைத் துணைக்கு அழைத்தால் ஆங்கிலம் வராது என்று சொல்பவர்களோடு எனக்குப் பல வருடமாகச் சண்டை. மோனை தெரிந்த பிள்ளைக்கு அலிட்டரேஷன் பாதி தெரிந்த மாதிரி. இயைபு தெரிந்தவளுக்கு ரைம் புதுச் சரக்கே இல்லை.

இரண்டாம் நாள் ஒரு செய்தியைப் போட்டு உடைப்பேன். அந்தப் பூக்களைப் பார்த்த நாள் 1802 ஏப்ரல் 15. அல்ஸ்வாட்டர் ஏரிக்கரை. அன்று கவிஞர் தனியாகப் போகவில்லை, தங்கை டாரத்தி கூடவே நடந்தார். பூக்கள் ஆடியதையும் சிரித்ததையும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் அவர். அண்ணன் கவிதை எழுதியது சுமார் இரண்டு வருடம் கழித்து. ஆனால் முதல் வரியிலேயே 'தனிமையில் திரிந்தேன்' என்கிறார்! வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "பொய் சொல்றார் மிஸ்" என்பான் ஒருவன். "கூட ஆள் இருந்தாலும் தனியா ஃபீல் பண்ணலாம்" என்பாள் இன்னொருத்தி. பன்னிரண்டு வயதில் இந்தச் சண்டை போடுகிற பிள்ளைக்கு, கவிதையில் வருகிற 'நான்' வேறு, எழுதிய ஆள் வேறு என்பதை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1807 பதிப்பில் நாலாவது வரியில் பூக்களுக்கு 'டான்சிங்' என்று அடைமொழி. ஆறாவது வரியிலும் அதே 'டான்சிங்'. 1815-இல் கவிஞர் திருத்தி எழுதும்போது நாலாவது வரியில் இருந்ததை 'கோல்டன்' ஆக்கிவிட்டார். புதிதாக ஒரு பத்தியையும் சேர்த்தார். இரண்டு வடிவத்தையும் போர்டில் எழுதிப்போட்டு எது நல்லது என்று கேட்பேன். 'ஆடுகிற பூக்கள்' நல்லதா, 'பொன்னிறப் பூக்கள்' நல்லதா? ஒன்று வினையிலிருந்து பிறந்த அடைமொழி, இன்னொன்று நிறம். ஆறாவது வரியில் ஆடத்தான் போகிறதே, நாலாவது வரியிலேயே ஏன் ஆட வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். தன் கட்டுரையில் ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் நான் சிவப்பு மையில் வட்டம் போடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். அன்று அந்த வட்டத்துக்குக் கோபப்படாமல் அவளே இன்னும் இரண்டு இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டாள். எட்டு வருடம் கழித்துத் திருத்திய ஒரு மனிதரை அவள் பார்த்துவிட்டாள் இல்லையா.

கதைகளுக்கு வருகிறேன். ஆர்டிகிள் என்றாலே நம் பிள்ளைகளுக்குத் தலைவலி. தமிழில் ஆங்கிலத்தின் 'த' (the) கிடையாது, அதனால் எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் தூவிவிடுவார்கள், அல்லது எங்கேயும் போட மாட்டார்கள். கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி நூறு கொடுத்தாலும் இது தீராது. கதையின் முதல் இரண்டு வரி தீர்த்துவிடும். "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூணு பொண்ணு." முதலில் 'ஒரு', அறிமுகம் ஆன பிறகு 'அந்த'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, உண்மைதான். ஆனால் வாசல் இதுதான். அப்புறம், அறிமுகமே இல்லாமல் முதல் வரியிலேயே 'த' போட்டுத் தொடங்குகிற கதை பாடப்புத்தகத்தில் ஒன்றாவது இருக்கும். அதைத் தேடி எடுத்துக் காட்டுங்கள். நாம் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் நிற்கிற மாதிரி எழுத்தாளர் நம்மை இழுத்துப் போட்டிருக்கிறார் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

பாஸிவ் வாய்ஸும் அப்படித்தான். வீட்டில் கண்ணாடி உடைந்தால் எந்தப் பிள்ளையும் 'நான் உடைச்சேன்' என்று ஆரம்பிக்காது. "கண்ணாடி உடைஞ்சு போச்சும்மா." இலக்கணப்படி அது செயப்பாட்டு வினை இல்லை, ஆனால் செய்கிற வேலை அதேதான்: ஆளை மறைக்கிறது. இதைச் சொன்னதும் வகுப்பே சிரிக்கும், எல்லோருமே செய்திருக்கிறார்கள். பிறகு பாடத்துக் கதையில் எங்கெல்லாம் செய்தவர் பெயர் இல்லாமல் காரியம் மட்டும் நடக்கிறது என்று தேடச் சொல்வேன். யாரை மறைக்கிறார்கள், ஏன்? இந்தக் கேள்வியோடு பாஸிவ் வாய்ஸ் படித்த பிள்ளை நாளைக்குச் செய்தித்தாள் படிக்கும்போதும் அதைக் கேட்கும். இதற்காகவே இந்தப் பாடம் வேண்டும் என்பேன்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் ஆங்கில ஆசிரியர்கள் தேசியக் குழு 1963-இல் வெளியிட்ட அறிக்கை, இலக்கணத்தைத் தனியே நடத்துவதால் எழுத்து மேம்படுவதில்லை, எழுதிப் பழகும் நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலும் உண்டு என்று கடுமையாகவே சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு இலக்கணமே வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. அங்கே பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி. நம் பிள்ளைகளுக்குக் காதில் விழுகிற ஆங்கிலமே குறைவு, யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். 2012-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு நெருக்கமானது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் டெப்ரா மைஹில் குழு செய்தது. 31 பள்ளிகள், 12, 13 வயதுப் பிள்ளைகள். எழுத்துப் பாடத்துக்குள்ளேயே இலக்கணத்தைச் சேர்த்து நடத்தியபோது எழுத்து மேம்பட்டது. ஆனால் ஏற்கெனவே ஓரளவு எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். தடுமாறுகிற பிள்ளைகளுக்கு அவ்வளவு இல்லை.

என் வகுப்பிலும் அப்படித்தான். எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஐந்தாறு பேர் எப்போதும் இருக்கிறார்கள். டென்ஸ் மாறுகிற அழகு அவர்களுக்கு உடனே எட்டாது. அவர்களுக்கு கோ, வென்ட், கான் என்று மனப்பாடம் வேண்டும், தினமும் பத்து நிமிடம். அதை நான் விடவில்லை. ("வென்ட்" (went) என்பது 'வெண்ட்' (wend) என்ற வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், 'கோ' அதைத் தத்தெடுத்துக்கொண்டது. இதைச் சொன்னால் அந்த ஒரு சொல்லையாவது மறக்க மாட்டார்கள்.) மெமரி போயமும் வேண்டும். பொருள் புரியாவிட்டாலும் நாக்கில் ஏறிய தாளம் என்றைக்காவது வேலை செய்யும். வாசிக்கத் தடுமாறுகிற ஒரு பையன் தட்டிக்கொண்டே நாலு பத்தியும் சொல்லி முடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கேள்வி பதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அறிஞர் 1978-இல் ஓர் உதாரணம் கொடுத்தார். குழந்தை விஷத்தைக் குடித்துவிட்டது, தாய் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கிற எழுத்தை வாசிக்கிறாள். முறிவுக்கு என்ன செய்வது என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டும். அது ஒரு வகை வாசிப்பு, வாசிக்கிற அந்த நேரத்திலேயே வாழ்வது இன்னொரு வகை. நாம் என்ன செய்கிறோம்? கதை தொடங்கும் முன்பே பின்னால் இருக்கிற கேள்விகளைப் பார்க்கச் சொல்கிறோம். பிள்ளை பதில் இருக்கிற வரியைத் தேடிப்பிடித்துக் கோடு போடுகிறது. கதையை விஷப் பாட்டில் மாதிரி வாசிக்கிறது. ஒரு பாட்டி சாகிற கதையை வாசித்துவிட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "மிஸ், தேர்ட் கொஸ்டின் ஆன்சர் எங்க இருக்கு?" என்று கேட்ட வகுப்பை நான் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து என் வகுப்பில் கேள்விகள் இரண்டாவது வாசிப்புக்குப் பிறகுதான்.

'நேரம் ஏது, போர்ஷன் முடிக்க வேண்டாமா, பரீட்சையில் இதையா கேட்கிறார்கள்?' சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஒரு கவிதைக்கு எனக்கு நாலு பீரியட் ஆகிறது. ஆனால் அந்த நாலு பீரியடிலேயே டென்ஸும் அடைமொழியும் முடிந்துவிடுவதால் தனி கிராமர் பீரியட் இரண்டு மிச்சம். போர்ஷன் தவறியதில்லை.

பரீட்சைதான் உண்மையான முட்டுக்கட்டை. வினாத்தாள் தயாரிப்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பாருங்கள். 'அடைப்புக்குள் உள்ள வினையைச் சரியான டென்ஸில் எழுதுக' என்பதை ஒரு வருடம் எடுத்துவிட்டு, பிள்ளைகள் படித்த கவிதையிலிருந்தே எட்டு வரி கொடுத்து, 'இங்கே டென்ஸ் எந்த வரியில் மாறுகிறது? ஏன் மாறுகிறது என்று நினைக்கிறாய்?' என்று கேளுங்கள். மூன்று மதிப்பெண் போதும். முதல் பாதிக்கு ஒன்று, 'ஏன்' என்பதற்கு இரண்டு. தமிழ் கலந்து எழுதினாலும் அந்த இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.